ஆற்றைப் படிக்கும் தூண்டில்

நுழையும்முன்

ஆற்றங்கரையில் தூண்டிலோடு அமர்ந்திருப்பவரைப் பொழுதைப் போக்குபவர் என்று எண்ணுவோர் உண்டு. அவருடைய கண் தக்கையின்மேல் இருக்கும். கருத்தோ நீருக்கடியில் இருக்கும். நீரின் வேகம், நிறம், ஆழம், காற்றின் போக்கு ஆகியவற்றைக் கணித்த பின்னரே அவர் இரையை நீரில் இடுகிறார். அன்று அவருடைய கூடையில் சேரும் மீன்கள் ஆற்றின் நலத்தையும் வரலாற்றையும் எடுத்துரைப்பவை. கொடுமுடியின் காவிரித் துறையில் ஒரு காலைப்பொழுதில் கிடைக்கும் மீன்களைக் கொண்டு, ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஆறு அடைந்த மாற்றத்தையும், அதனோடு சேர்ந்து தமிழ் இழந்துவரும் சொற்செல்வத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

காவிரி திரும்பும் ஊர்

குடகு மலையில் தோன்றும் காவிரி, மேட்டூரைக் கடந்து பவானி, ஈரோடு வழியாகத் தெற்கு நோக்கி வருகிறது. ஈரோடு மாவட்டத்தின் கொடுமுடியை அடைந்ததும் கிழக்கு நோக்கித் திரும்புகிறது. தேவாரத்தில் ‘திருப்பாண்டிக்கொடுமுடி’ என்று பாடப்பெற்ற தலம் இது. சிவன், திருமால், நான்முகன் ஆகிய மூவருக்கும் சன்னதிகள் அமைந்த மகுடேசுவரர் கோவில் ஆற்றங்கரையிலேயே உள்ளது. இசையாலும் நடிப்பாலும் புகழ்பெற்ற கே. பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரும் இதுவே. எதிர்க்கரை நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது.

ஆடிப்பெருக்கு நாளிலும் அமாவாசை நாள்களிலும் கொடுமுடிப் படித்துறை மக்களால் நிறைந்திருக்கும். ஏனைய நாள்களின் விடியற்பொழுதில் அதே கரை அமைதியாக இருக்கும். பரிசலில் சென்று முதல்நாள் மாலை கட்டிய வலையை எடுப்போர், முழங்கால் அளவு நீரில் நின்று வீச்சு வலை எறிவோர், பாறைமேல் அமர்ந்து தூண்டில் இடுவோர் என மூவகையினரை அங்குக் காணலாம். மேலைநாடுகளின் ஏரிகளில் மரத்தாலான துறைமேடைமீது அமர்ந்து, ‘பெர்ச்’ என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது பலருக்கும் விருப்பமான காலைப்பொழுதுப் பழக்கம். கொங்குநாட்டில் அம்மேடையின் இடத்தில் ஆற்றுப்பாறை இருக்கிறது. காத்திருத்தல் இரண்டு இடங்களிலும் ஒன்றே.

ஈராயிரம் ஆண்டுக் கருவி

தூண்டில் எளிய கருவி. மூங்கிற்கோல், நரம்பு, தக்கை, முள், இரை ஆகிய ஐந்துமே அதன் உறுப்புகள். முன்னர்ப் பருத்தி நூலையோ நார்க்கயிற்றையோ கட்டினர். இன்று செயற்கை இழையாலான நரம்பைக் கட்டுகின்றனர். நீரில் வளரும் நெட்டிச் செடியின் எடையற்ற தண்டும் மயிலிறகின் தண்டும் மிதவையாகப் பயன்பட்டன. இன்று அந்த இடத்தில் நெகிழித் துண்டு மிதந்தாலும், ‘தக்கை’ என்னும் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. இரையாக மண்புழுவையோ பிசைந்த மாவு உருண்டையையோ முள்ளில் கோப்பர். நாங்கூழ் என்பது மண்புழுவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்.

இக்கருவியைப் பற்றிய நுட்பமான குறிப்பு பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் இடம்பெற்றுள்ளது. அதன் ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். நீண்ட மூங்கிற்கோலையும், அதில் கட்டிய கயிற்றையும், வளைந்த இரும்பு முள்ளையும், இரை வைத்திருக்கும் பையையும் அவர் ஒருங்கே காட்டுகிறார். இரையைக் கவ்விவிட்டு முள்ளுக்குத் தப்பிய வாளை மீன், நீரருகே நிற்கும் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் தூண்டிற்கோல் என்று அஞ்சுவதாக அவர் பாடுகிறார். ஒருமுறை பட்ட மீன் மறுமுறை எளிதில் சிக்காது என்பது இன்றும் தூண்டில்காரர்கள் சொல்லும் செய்தியே. நீரின்மேல் தம் நிழல் விழாதவாறு அவர்கள் அமர்வதற்குக் காரணமும் அதுவே. திருவள்ளுவரும், சூதாடி பெறும் சிறு வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டுள்ளார்.

தக்கையின் மொழி

விடியற்காலையில் மீன் பிடிப்பதற்கு இயற்கை சார்ந்த காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் கரையோர நீர் குளிர்ந்திருக்கும். அப்போது மங்கலான ஒளியில் பல மீன்கள் இரைதேடிக் கரையை ஒட்டி வரும். வெயில் ஏறியதும் அவை ஆழத்தையும் நிழலையும் நாடும். தேங்கிய நீரில் வேறொரு நிலை காணப்படும். அங்குள்ள நீர்த்தாவரங்கள் பகலில் உயிர்வளியை வெளியிட்டாலும், இரவு முழுவதும் அதை உட்கொள்ளும். அதனால் விடியும் வேளையில் அந்நீரில் கரைந்துள்ள உயிர்வளி மிகவும் குறைந்திருக்கும். மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாய் திறந்து மூடினால், நீர் மூச்சுத் திணறுகிறது என்பதைத் தூண்டில்காரர் அறிந்துகொள்வார்.

தக்கையின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு பொருளுண்டு. சிறு கெண்டைகள் இரையைக் கொத்திக் கொத்திப் பார்க்கும், தக்கை துள்ளும். அப்போது இழுத்தால் வெறும் முள்ளே மேலே வரும். கெளுத்தி இரையைக் கவ்விக்கொண்டு நகரும். தக்கை சாய்ந்து நீருக்குள் செல்லும். கெளுத்தியின் பக்கத் துடுப்புகளில் கூரிய முட்கள் உள்ளன; பிடிக்கத் தெரியாதவரின் கையை அவை கிழித்துவிடும். விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாகக் காத்துத் திரியும் மீன். அவ்வேளையில் தாய் தந்தை மீன்களைப் பிடித்தால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு மீனைப் பிடிப்பதால் ஒரு தலைமுறையே அழியக்கூடும் என்பதை அறிந்தவர் அப்போது தூண்டிலை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வார்.

“ஏனுங்க, ஏதாச்சும் மாட்டுச்சுங்களா?” என்று கரையில் செல்வோர் கேட்பர். “பொடிசுதானுங்க, எல்லாமே ஜிலேபி” என்பது பெரும்பாலும் கிடைக்கும் விடை. கொங்கு வழக்கின் பணிவு தோய்ந்த இச்சிறு விடையில் ஓர் ஆற்றின் வரலாறே அடங்கியுள்ளது.

கூடையில் மிகுந்த மீன்

‘ஜிலேபி’ என்று மக்கள் அழைக்கும் மீன் இனிப்புப் பண்டத்தால் பெயர்பெற்றதன்று. ‘திலாப்பியா’ என்னும் அயற்பெயர் மக்கள் நாவில் அவ்வாறு திரிந்தது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மொசாம்பிக் திலாப்பியா, 1952ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. குறைந்த செலவில் மிகுந்த புரத உணவு கிடைக்கும் என்பதே அதை வரவழைத்தவர்களின் நோக்கம். பின்னர் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்பட்டு, ஆறுகளிலும் பரவியது.

அம்மீன் பெருகுவதற்கு அதன் வாழ்க்கைமுறையே காரணம். இட்ட முட்டைகளைத் தாய்மீன் தன் வாயிலேயே வைத்துக் காக்கிறது. பொரித்த குஞ்சுகளும் இடர் நேரும்போது தாயின் வாய்க்குள் புகுந்துகொள்கின்றன. பிறந்த சில மாதங்களிலேயே இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகி, ஆண்டில் பலமுறை முட்டையிடுகிறது. தேங்கிய நீர், வெப்பமான நீர், ஓரளவு உப்பு கலந்த நீர் ஆகிய அனைத்தையும் தாங்கிக்கொள்கிறது. வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு மலிவான உணவாகப் பயன்படுகிறது என்பதும் மறுக்க முடியாத உண்மை.

காவிரியின் தொன்மையான கெண்டைகளின் இயல்பு இதற்கு மாறானது. அவற்றுள் பல, மழைக்காலத்தில் பெருகிவரும் புதுவெள்ளத்தை எதிர்த்து நீந்தி, ஆண்டுக்கு ஒருமுறை முட்டையிடுபவை. வெள்ளத்தின் வேகமும் குளிர்ச்சியும் கலங்கலுமே அவற்றுக்கு இனப்பெருக்கக் காலத்தை உணர்த்துகின்றன. எனவே, ஆற்றின் ஓட்டம் மாறும்போது எந்த மீன் பெருகும், எந்த மீன் குறையும் என்பதும் மாறிவிடுகிறது.

ஓட்டம் மாறிய ஆறு

1925ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மேட்டூர் அணையின் கட்டுமானம் 1934ஆம் ஆண்டு நிறைவடைந்தது. 120 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கும் இவ்வணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆகும். சூன் 12ஆம் நாள் பாசனத்துக்கு நீர் திறப்பதும் சனவரி 28ஆம் நாள் மூடுவதும் இதன் மரபு. காவிரிப் படுகையின் வேளாண்மை இவ்வணையை நம்பியே உள்ளது. இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் மழையின் கணக்கில் ஓடிய ஆறு, அதன்பின் மதகின் கணக்கில் ஓடத் தொடங்கியது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை முதலிய இடங்களில் மின் உற்பத்திக்காகக் கதவணைகள் எழுந்தன. ஓடும் ஆற்றின் பல பகுதிகள் நீண்ட குளங்கள்போல் ஆயின.

இம்மாற்றத்தின் விளைவுக்கு உள்ளம் என்னும் மீன் ஒரு சான்று. வங்காளத்தில் ‘இலிசா’ எனப் போற்றப்படும் மீனே தமிழகக் கரையில் உள்ளம் எனப்படுகிறது. கடலில் வாழும் அம்மீன் ஆற்றில் எதிரேறி வந்து நன்னீரில் முட்டையிடும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் அது பெருங்கூட்டமாக வந்த காலம் உண்டு. குறுக்கணைகள் அதன் வழியை மறித்தன. மேட்டூர் அணைக்குப்பின் வெள்ளமும் குறைந்தது. அதன் வரவு சுருங்கியது.

காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் கூன்முதுகு மாசீர் மற்றொரு சான்று. ஆளுயரப் பெருங்கெண்டை என்று சொல்லத்தக்க அளவுக்கு வளரும் அம்மீன், 2018ஆம் ஆண்டு உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பிலுள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. அறிவியலாளர்கள் அதற்குரிய அறிவியல் பெயரை உறுதிசெய்ததும் அதே ஆண்டில்தான். பெயர் உறுதியான காலத்திலேயே இருப்பு ஐயத்துக்குள்ளானது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஓட்டத்தோடு நீரின் தன்மையும் மாறியது. கொடுமுடிக்குக் கீழே காவிரியில் கலக்கும் நொய்யல், திருப்பூர்ச் சாயக்கழிவால் நெடுங்காலம் நிறம் மாறி ஓடியது. பாசனத்துக்காக 1992ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர் தேங்கும் இடமாயிற்று. பயிருக்கு உதவாத நீரைத் தேக்கிய அணையைக் கண்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதன்பின் வலுவாக வற்புறுத்தப்பட்டது. தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும் என்னும் சிக்கலை அந்த வழக்கு நாட்டின்முன் வைத்தது.

தெரிந்து தெளிவோம்

பனையேறிக் கெண்டை

தமிழகத்தின் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வாழும் சிறுமீன் பனையேறிக் கெண்டை. செவுளோடு காற்றை உட்கொள்ளும் தனி உறுப்பும் இதற்கு உண்டு. அதனால் ஈரமான தரையில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊர்ந்து, ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவல்லது. தரங்கம்பாடியில் இருந்த டேனியப் படை அலுவலர் டால்டார்ஃப், 1791ஆம் ஆண்டு பனைமரத்தின் பட்டையில் இம்மீன் ஏறியதைக் கண்டதாக எழுதினார். அக்குறிப்பு 1797ஆம் ஆண்டு இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. மீன் உண்மையிலேயே மரமேறுமா என்று அறிவியலாளர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஏறும் பெர்ச்’ என்னும் பொருளிலேயே பெயர் வழங்குகிறது. ‘அனபாஸ்’ என்னும் இதன் அறிவியல் பெயரும் ‘மேலேறுதல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது.

குற்றம் மீனுடையதா?

அயல்மீன் ஒன்று நீர்நிலையை மாற்றிவிடும் நிகழ்வு காவிரிக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்னும் பெருமீனை விட்டனர். அது ஏரியின் சிறுமீன்களை இரையாகக் கொண்டு பெருகியது. உலகில் வேறெங்கும் இல்லாத இருநூறுக்கும் மேற்பட்ட மீனினங்கள் சில பத்தாண்டுகளில் மறைந்தன என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். மறைந்தவற்றுள் மிகப்பல, ‘சிக்லிட்’ என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் ஆறுகளில் பெருகியுள்ள ஜிலேபியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

ஒரே குடும்பத்து மீன் அங்கே அழிவுக்குள்ளானது. இங்கே பிறவற்றை நெருக்குவதாயிற்று. எனவே, நல்ல மீன், கெட்ட மீன் என்று பிரிப்பதில் பொருளில்லை. ஒவ்வொரு மீனும் தான் தோன்றிய நீரில் பிறவற்றோடு ஓர் அளவில் பொருந்தி வாழ்கிறது. அந்த அளவை அறியாமல் இடம்மாற்றிய மனிதரின் அவசரமே ஆராயப்பட வேண்டியது. வளர்ப்பதற்கு வாங்கிய அயல்மீனை வேண்டாதபோது ஆற்றில் விடுவதும் இத்தகைய அவசரமே. இரக்கத்தால் செய்ததாயினும் அதன் விளைவு ஆற்றுக்குத் தீமையாகலாம்.

பெயர் என்னும் அறிவு

கயல், சேல், கெண்டை, வாளை, விரால், கெளுத்தி, அயிரை, ஆரல், உளுவை என ஆற்றுமீன்களுக்குத் தமிழில் பெயர்கள் பல. கண்ணுக்குக் கயலையும் கெண்டையையும் உவமையாக்கிய மரபு, மீனை நாள்தோறும் கண்ட மக்களிடமிருந்து வந்தது. பாண்டியர் கொடியில் இடம்பெற்றதும் மீனே. மக்கள் வழக்கிலோ பெயரிடும் முறை இன்னும் நுட்பமானது. காவிரிப் படுகைக்கே உரிய கெண்டை வகை ஒன்றுக்குக் ‘கருமுழிக் கெண்டை’ என்று பெயர். பொதுப்பெயரோடு நிறத்தையும் உறுப்பையும் சேர்த்து, பார்த்த அளவில் இனங்காணும்படி அப்பெயர் அமைந்துள்ளது. அயலிலிருந்து வந்த திலாப்பியாவையும் ‘ஜிலேபிக் கெண்டை’ என்று அழைத்து, மக்கள் அதே முறையில் வரிசைப்படுத்திக்கொண்டனர்.

இப்பெயர்களின் மதிப்பை அறிவியலாளரும் உணர்ந்திருந்தனர். சென்னை மாகாணப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, இந்திய மீன்களைப் பற்றி 1875 முதல் வெளியிட்ட பெருநூலில், அறிவியல் பெயர்களோடு அந்தந்த மொழியில் வழங்கிய பெயர்களையும் பதிவுசெய்தார். மீனவர் நாவில் வழங்கிய சொல், அவருக்கு ஆய்வுக்குரிய தரவாக இருந்தது.

ஒரு மீன் ஆற்றிலிருந்து மறையும்போது முதலில் வலை அதை மறக்கிறது. பின்னர்ச் சந்தை மறக்கிறது. இறுதியில் சொல்லும் வழக்கொழிகிறது. கூடையில் நாள்தோறும் ஒரே வகை மீன் விழும் கரையில் வளரும் சிறுவருக்கு, ‘மீன்’ என்ற ஒரு சொல்லே போதுமானதாகிவிடும். பத்து வகைக் கெண்டைகளை வேறுபடுத்திச் சொன்ன அறிவு, அதை உடைய முதியவரோடு முடிந்துபோகும். இலக்கியத்தில் சேல் என்றும் ஆரல் என்றும் படிக்கும்போது, அகராதியில் ‘ஒருவகை மீன்’ என்னும் விளக்கத்தோடு நின்றுவிடும் நிலை உருவாகும். சொல் இருந்தும் பொருளைக் காணாத மொழி, பழம் மரபிலிருந்து துண்டிக்கப்பட்டதாகும்.

இந்நிலையைத் தடுக்க இயலும். ஆற்றோரப் பள்ளிகளின் மாணவர்கள், தம் ஊரில் கிடைக்கும் மீன்களையும் அவற்றின் வட்டாரப் பெயர்களையும் பட்டியலிடலாம். எந்த மீன் எந்த மாதத்தில் கிடைக்கிறது, எது முன்பு கிடைத்து இப்போது கிடைப்பதில்லை என்று முதியோரிடம் கேட்டு எழுதலாம். ஆண்டுதோறும் தொடர்ந்தால், அப்பட்டியலே ஆற்றின் நலக்குறிப்பேடாகும். அப்பணிக்குத் தேவையான அறிவு கரையில் காத்திருக்கிறது. விடியலில் தூண்டிலோடு அமர்ந்திருப்பவரிடம், இன்று என்ன கிடைத்தது என்று கேட்பதோடு, முன்பு என்னென்ன கிடைத்தன என்றும் கேட்டால் போதும்.

சொல்லும் பொருளும்

தக்கை – தூண்டிலில் கட்டும் மிதவை
நாங்கூழ் – மண்புழு
பரிசல் – மூங்கிலால் பின்னிய வட்ட வடிவ ஓடம்
கதவணை – மதகுக் கதவுகளால் நீரைத் தேக்கும் அணை
செவுள் – மீனின் மூச்சுறுப்பு

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர் மீன் சந்தைக்குச் சென்று, அங்கு விற்கப்படும் நன்னீர் மீன்களின் பெயர்களைத் திரட்டுக. அவற்றுள் தமிழ்ப்பெயர் உடையவற்றையும் அயற்பெயர் உடையவற்றையும் வகைப்படுத்துக.
2. உங்கள் பகுதி முதியவர் ஒருவரிடம், அவருடைய இளமைக்காலத்தில் ஆற்றிலோ குளத்திலோ கிடைத்த மீன்களைப் பற்றிக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக. (நீர்நிலைகளுக்குப் பெரியவர்களுடன் மட்டுமே செல்க. அணை திறக்கப்படும்போது நீர்மட்டம் விரைந்து உயரும்.)

மதிப்பீடு

குறுவினா
1. தூண்டிலின் உறுப்புகள் யாவை?
2. திலாப்பியா ‘ஜிலேபி’ ஆனது எவ்வாறு?

சிறுவினா
1. பெரும்பாணாற்றுப்படை காட்டும் வாளை மீனின் அச்சத்தை விளக்குக.
2. ‘மழையின் கணக்கில் ஓடிய ஆறு, மதகின் கணக்கில் ஓடத் தொடங்கியது’ – இத்தொடர் உணர்த்தும் கருத்தை எழுதுக.

நெடுவினா
1. ‘மீன் மறைந்தால் சொல்லும் மறையும்’ – இக்கூற்றைப் பாடக் கருத்துகளின் துணைகொண்டு நிறுவுக.